மறு அறிவித்தல் வரை

– பதினொரு பேர், கோசலை! பதினொரு நீதவான்மாரும் ஒருமனதா! லண்டன் பாராளுமன்றத்தைப் பூட்டினது செல்லாது எண்டு முகத்திலை அடிச்ச மாதிரிச் சொல்லிப்போட்டினம். கெதியா வாரும், ஃபோனிலை திரும்பப் போடுறாங்கள்.

– கையெல்லாம் கருவாட்டு மணம். இருங்கோ, இந்தப் பெட்டியைக் கட்டி வைச்சிட்டு வாறன். ம், காட்டுங்கோ. ஆரப்பா அந்த வாசிக்கிற மனுசி?

– அவதான் அங்கத்தைய தலைமை நீதவான். என்ன நிதானம் பாரும்! பூட்டச்சொல்லிக் குடுத்த கட்டளை வெறுங்கடதாசிக்குச் சமனாம். ஒரு நாட்டுப் பிரதமருக்குச் சொல்லுறா!

– வடிவாத்தான் சொல்லுறா. அதுக்கு நீங்கள் ஏன் இந்தத் துள்ளுத் துள்ளுறியள்? கடைக்கு வாற சனம் பயந்து ஓடப்போகுது.

– துள்ளாமல்? தம்பியின்ரை மகன் கிருஷிகன் இஞ்சை எடுத்த பிரெஞ்சுப் பாஸ்போட்டைக் கொண்டு லண்டனுக்குப் போய், அங்கை கலியாணமும் கட்டி இருக்கிறானே. லண்டன்காரர் மற்ற நாடுகளோடை இருந்த கூட்டை முறிக்கிறம் எண்டு வாக்குப் போட்டதிலை இருந்து, இனி இருக்க விடுவாங்களோ, கலைப்பாங்களோ எண்டு பாவம், பெடியன் மூண்டு வருசமா அந்தரப்படுறான். அதைப்பற்றிக் கதைக்கிறதுக்கெண்டு இருக்கிற இடம் அந்தச் சபை. அதை ஐஞ்சு கிழமைக்குப் பூட்டிப்போட்டு, இது வழமையான விசயம்தான் எண்டால் ஆர் நம்புறது? சபை எண்டால் கதைக்கிற இடம், கோசலை. அதைப் பூட்டுறவன் பயந்தாங்கொள்ளி.

– கடைசியாச் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கோ கேப்பம்.

– எதை?

– பூட்டுறவன் ஆரெண்டு?

– பயந்தாங்கொள்ளி.

– சந்தோசம். அப்ப எங்கடை ஊர் ஒன்றியத்தின்ரை பொதுக்கூட்டத்தைப் பூட்டின தலைவர் குணரத்தினம் ஆர்?

– அது வேறை கதை.

– என்ன வேறை கதை? "தவிர்க்க முடியாத காரணத்தால் பொதுக்கூட்டம் மறு அறிவித்தல் வரை ஒத்திவைக்கப்படுகிறது." இதை வட்ஸ்அப்பிலை போட்டுப்போட்டு, தலைவரைத் தவிர ஒருத்தரும் எழுதேலாத மாதிரிக் குறூப்பையும் பூட்டினியள். லண்டன்காரன்கூட சனத்தின்ரை வாயைக் கட்டேல்லை.

– அது வக்கான்ஸ் லீவு நேரமப்பா. அரைவாசிச் சனம் ஊருக்குப் போட்டுது.

– வக்கான்ஸ் முடிஞ்சு பள்ளிக்கூடமும் துவங்கியாச்சு.

– மண்டபம் கிடைக்கேல்லை.

– நகரசபை மெறியிலை போய் மண்டபம் கேக்கிறது ஆர்? பிரெஞ்சிலை கதைச்சு, அவளவையின்ரை மூஞ்சையைப் பாத்துக்கொண்டு நிண்டு, திறப்பு வாங்கிக்கொண்டு வாறது நான். கையெழுத்து வைக்கிறது மட்டும்தான் நீங்கள். மண்டபம் கிடைச்சிட்டுது எண்டு நான் வந்து சொல்ல, அண்டு பின்னேரமே ஒத்திவைப்பு எண்டு போட்டனீங்கள்.

– நவராத்திரியும் வருதெல்லே.

– அது எங்கடை மண்டபத்தை என்ன செய்தது?

– உமக்குக் கறுத்தக் கோட்டு ஒண்டு தைச்சுத் தந்திருக்கோணும். கருவாட்டுக் கடையிலை வைச்சு வீணாக்கிப்போட்டன்.

– கதையை மாத்தாதையுங்கோ. இந்தமுறை கூட்டத்திலை தலைவர் தெரிவு வருது. வேறை ஆரோ நிக்கப்போகினம் எண்டு உங்களுக்குக் கதை வந்திருக்கு. அதுதானே?

– ஆர் நிண்டால் எனக்கென்ன.

– என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ.

– வணக்கம், வணக்கம்! குணம் அண்ணை, அக்கா! லண்டன் கதை கேள்விப்பட்டியளே?

– வா, வா தவரத்தினம். நல்ல நேரத்துக்கு வந்தாய். வேலை இல்லையோ?

– றெஸ்ரோறன்ரிலை மத்தியானச் சமையலை முடிச்சிட்டு நேரை வாறன் அண்ணை. சும்மா சொல்லக்கூடாது, லா சப்பல் கடைத்தெரு முழுக்க இண்டைக்கு இதுதான் கதை. சலூனுக்குள்ளை ஒரு ஐயா அரைவாசி வெட்டின தலையோடை எழும்பி நிண்டு கத்துறார். போன வருசம் எங்கடை நாட்டிலையும் பாராளுமன்றத்தைக் கலைச்சாங்கள், கோட்டு நீதவான்மார் சொல்லித் திறந்தாங்கள், எங்களுக்கு என்ன கிடைச்சது எண்டு கேக்கிறார். மயிர் வெட்டுற பெடியன் கத்தரிக்கோலைக் கீழை வைச்சிட்டு, கிடைச்சுதோ இல்லையோ ஐயா, பூட்டினவனைப் பாத்துத் திற எண்டு சொல்ல ஆரோ ஒருத்தர் இருக்கினமே, அது காணாதோ எண்டான். அந்தாள் அப்பிடியே கதிரையிலை இருந்திட்டார்.

– அந்தப் பெடியன் சொன்னதுதான் சரி.

– உங்கடை மனுசிக்கும் பிடிச்சிட்டுது போலை, சிரிக்கிறா. அதுக்குப் பிறகு அண்ணை, கதை முழுக்க உங்களைப்பற்றித்தான்.

– என்னைப்பற்றியோ?

– எங்கடை ஒன்றியத்துக்கு எப்ப தீர்ப்பு வரும் எண்டு. உங்களுக்குப் பட்டமும் வைச்சாச்சு. "லண்டன் குணம்."

– எவன்ரா வைச்சவன்? சிரியாதையும் கோசலை!

– என்னாலை ஏலாது. லண்டன் குணம்! ஐயோ, வயிறு நோகுது. தம்பி தவரத்தினம், உனக்கு என்ன வேணும், சொல்லு.

– முருங்கைக்காய் ஒரு கட்டுத் தாங்கோ அக்கா. கருவாடு வேண்டாம், அண்ணை கொண்டுவந்து தந்த சீலாக் கருவாடே இன்னும் கிடக்கு.

– எந்தச் சீலாக் கருவாடு?

– அது... அண்ணை... எனக்கு மெத்ரோவுக்கு நேரமாச்சு.

– நில் தம்பி. பொபினியிலை உன்ரை வீட்டுக்கு இவர் ஏன் கருவாட்டோடை வந்தவர்?

– என்ரை வீட்டை மட்டுமே அக்கா? பியர்ஃபித்திலை எங்கடை ஊராக்கள் எல்லாற்றை வீட்டையும் போனவர். ஸ்டாலின்கிராட் மெத்ரோவடியிலை ஐங்கரன் மாஸ்ரர் வீட்டையும் போனவர். அண்ணை, குறை நினையாதையுங்கோ, வாயிலை வந்திட்டுது. நான் பேந்து வாறன்.

– முருங்கைக்காயையும் விட்டிட்டு ஓடுறான் பாருங்கோ. சரி. இப்ப சொல்லுங்கோ. சனிக்கிழமையிலை சாமான் குடுக்கப்போறன் எண்டு வானை எடுத்துக்கொண்டு போனது இதுக்கோ? கதிரையைக் காப்பாத்தக் கருவாடோ?

– கதிரைக்கு இல்லை.

– பின்னை?

– கடையிலை வைச்சுக் கேக்கிற கதையோ இது?

– கடையிலை இப்ப ஒருத்தரும் இல்லை. இஞ்சேருங்கோ, நானும் உங்களுக்கு ஒரு விசயம் சொல்லோணும். எத்தினை நாளா வாய் வரைக்கும் வந்து வந்து போகுது. தலைவருக்கு நிக்கப்போறது வேறை ஒருத்தருமில்லை. நான்தான்.

– தெரியும்.

– என்ன தெரியும்?

– நீர் நிக்கப்போறீர் எண்டு. வைகாசியிலையே தெரியும். ஒருநாள் குசினியிலை நீர் தாளிச்சுக்கொண்டு, "அன்பான ஊரவர்களே" எண்டு கதைச்சுப் பழகினனீர். வெங்காயம் கருகுது எண்டு எட்டிப் பாத்தனான். அகப்பையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு, "ஒரு வீட்டுக்கு ஒரு கை எண்டு வைச்சிருக்கிறம், அந்தக் கையும் ஆம்பிளையின்ரை கைதான், இனிப் பொம்பிளையளுக்கும் ஒரு கை வேணும்" எண்டு சொன்னீர். நான் கதவடியிலை அப்பிடியே நிண்டிட்டன்.

– கடவுளே! முழுக்கக் கேட்டனீங்களோ?

– முழுக்க. என்ரை மனுசி இப்பிடிக் கதைப்பாளோ எண்டு நெஞ்சு நிறைஞ்சு போச்சு.

– நிறைஞ்ச நெஞ்சோடைதான் கூட்டத்தைப் பூட்டினியள் என்ன?

– கோவியாமல் கேளும். எங்கடை வாக்கெடுப்பு உமக்குத் தெரியும்தானே. பெட்டி இல்லை, துண்டு இல்லை. எல்லாருக்கும் முன்னாலை கையைத் தூக்கிறது. பொங்கல் விழாவிலை இந்தப் பழசுகள் என்ன கதைச்சவை? பொம்பிளையள் பலகாரம் சுட்டால் காணும், தலைவர் வேலை அவைக்கேன் எண்டு. என்ரை காதாலை கேட்டனான். நீர் நல்ல சீலை உடுத்திக்கொண்டு முன்னுக்கு நிக்க, கீழை ஒருத்தனும் கையைத் தூக்காமல் இருந்தால்? நினைக்கவே எனக்கு ஏலாமல் இருந்தது கோசலை. கொஞ்ச நாள் கிடைச்சால் வீடு வீடாப் போய்ச் சொல்லி மாத்தலாம் எண்டுதான் பூட்டினனான்.

– அப்ப எனக்காகவோ போனனீங்கள்?

– பின்னை ஆருக்காக? ஒவ்வொருத்தன்ரை கையையும் பிடிச்சுக் கேட்டனான். இந்த ஒன்றியத்தை இவ்வளவு காலமும் நடத்தினது என்ரை மனுசிதான், பிள்ளையளின்ரை தமிழ் வகுப்பு, விளையாட்டுப்போட்டி, மெறி அலுவல், எல்லாம் அவதான், நான் கையெழுத்துக்கு மட்டும் இருந்தனான் எண்டு.

– அப்பிடியே சொன்னீங்களோ?

– அப்பிடியேதான். சொல்லிப்போட்டுக் கருவாட்டையும் குடுத்தன்.

– விசர் மனுசன். சரியான விசர் மனுசன் நீங்கள்.

– அழுறீரோ?

– வெங்காய மூட்டை அவிட்டுக் கிடக்கு.

– அது உருளைக்கிழங்கு மூட்டையப்பா.

– சும்மா இருங்கோ. எனக்குக் கோவமும் இருக்கு, சொல்லிப்போட்டன். இவ்வளவு செய்தனீங்கள், என்னட்டை ஒரு சொல்லுக் கேக்கேல்லை. நான் தோத்தால் நான் தோக்கிறன். எல்லாருக்கும் முன்னாலை நிண்டு தோக்கிற துணிவும் எனக்கு இருக்கு. அதையேன் நீங்கள் எனக்காகப் பூட்டி வைச்சனீங்கள்? அந்தத் தலைமை நீதவான் மனுசி என்ன சொன்னவ? திருப்பிப் போட்டுப் பாருங்கோ. பூட்டினவன் என்ன எண்ணத்திலை பூட்டினான் எண்டு தாங்கள் ஆராயத் தேவையில்லையாம். சபையைக் கதைக்க விடேல்லை, அதுக்கு ஒழுங்கான காரணமும் சொல்லேல்லை, அவ்வளவும் காணுமாம்.

– என்ரை காரணம் நல்ல காரணமப்பா.

– நல்ல காரணமெண்டால் குறூப்பிலை எழுதியிருக்கலாமே. "மனுசியிலை உள்ள விருப்பத்தால் பொதுக்கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது" எண்டு.

– எழுதியிருந்தால் லண்டன் குணத்தோடை நிண்டிருக்காது. வேறை பட்டமும் வந்திருக்கும்.

– சிரிப்புக் காட்டாதையுங்கோ, நான் கோவமா நிக்கிறன்.

– சரி, சரி. தீர்ப்பை ஏற்கிறன். இஞ்சை ஃபோனைப் பாரும். இந்தா, குறூப்பைத் திறந்தாச்சு, ஆரும் எழுதலாம். "பொதுக்கூட்டம் அடுத்த ஞாயிறு பின்னேரம்..." மண்டபத்துக்கு என்ன செய்யிறது?

– இருக்கு. எடுத்த மண்டபத்தை நான் விடேல்லை.

– நினைச்சனான். "தலைவர் தெரிவும் நடைபெறும்." போட்டாச்சு. பாரும், அதுக்குள்ளை எல்லாரும் கை தட்டிற படம் போடுறாங்கள். உவங்களை நம்பேலாது கோசலை, கருவாட்டை வாங்கேக்கை தலையாட்டினவங்கள், அண்டைக்குக் கையை மடியிலை வைச்சுக்கொண்டு இருப்பாங்கள். இன்னும் ரெண்டு சனிக்கிழமை கிடைச்சிருந்தால்...

– அவையைப்பற்றி ஒரு கவலையும் வேண்டாம். அந்தந்த வீட்டு மனுசிமாரோடை நான் சித்திரை வருசத்துக்கே கதைச்சு முடிச்சாச்சு. தவரத்தினம், பியர்ஃபித் ஆக்கள், ஐங்கரன் மாஸ்ரர், எல்லாரும் எனக்குத்தான் கை தூக்குவினம்.

– சித்திரைக்கேயோ? அப்ப நான் போய்க் கெஞ்சேக்கை ஒருத்தனும் வாய் திறக்கேல்லையே!

– திறந்தால் கருவாடு வராதே.

– கள்ளப்பயலுகள்! எல்லாம் நல்ல சீலாக் கருவாடு. சிரியும், சிரியும். அதுசரி கோசலை, எல்லாற்றை கையும் உம்மட்டை இருந்தால், இவ்வளவு நாளும் ஏன் நித்திரை இல்லாமல் புரண்டு புரண்டு கிடந்தனீர்? நான் பாக்கேல்லை எண்டு நினைச்சீரோ?

– எல்லாற்றை கையும் எண்டு சொல்லேலாது. ஒரு வீட்டிலை மட்டும் தூக்குவினமோ மாட்டினமோ எண்டு தெரியாமல் இருந்தது. கூட்டத்தையும் பூட்டினாப் பிறகு, கேக்கவே பயமாப் போச்சு.

– ஆற்றை வீடு? சொல்லும், இப்பவே வானை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டிட்டு வாறன்.

– வான் வேண்டாம். அது எங்கடை வீடு.