தானா சாத்திக்கிற கதவு

— இழுக்காதப்பா! கைப்பிடியே இல்லாத கதவுல எதைப் பிடிச்சு இழுக்கற?

— வண்டி இப்பத்தானே நகருது. மெதுவா குதிச்சிடுவேன்.

— குதிக்கறதுக்கு இது பழைய பெட்டி இல்ல. சாத்தினா சாத்தினதுதான். இனிமே அடுத்த ஸ்டேஷன்லதான் திறக்கும். விட்டுட்டு இங்க வா, எல்லாரும் பார்க்கறாங்க.

— எங்க பார்க்கறாங்க? ஒருத்தனாவது தலையைத் தூக்கினானா? ஒரு மனுஷன் கதவுகிட்ட மாட்டிக்கிட்டு முழிக்கறான், அவனவன் போனுக்குள்ள குடும்பம் நடத்தறான்.

— வழியனுப்ப வந்தவங்க இறங்குங்கன்னு மைக்ல தொண்டை கிழியச் சொன்னாங்களே, காதுல விழலையா?

— விழுந்துச்சு. என்னைத்தான் சொல்றாங்கன்னு யார் கண்டா? காலம் பூரா வண்டி நகர்ந்த பிறகுதான் நான் இறங்கியிருக்கேன். அது ஆடி அசைஞ்சு கிளம்பும். கூடவே ரெண்டு எட்டு நடந்து, ஜன்னல் வழியா நாலு வார்த்தை சொல்லிட்டு நிப்போம். இதுக்கு அந்தப் பொறுமையே இல்லையே.

— அப்பா, என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு. நிஜமாவே தெரியாமத்தான் மாட்டிக்கிட்டியா?

— சத்தியமா கண்ணு. சந்தேகம்னா என் செருப்பைக் கேளு.

— செருப்பா? ஐயோ, கால்ல காணோமே! எங்க?

— பிளாட்பாரத்துல. உள்ள தரை பளபளன்னு கிடந்துச்சா, கழட்டி விட்டுட்டு ஏறினேன். உங்கம்மா பக்கத்துலதான் நின்னா, எடுத்து வெச்சிருப்பா.

— ரயில்ல ஏற யாராவது செருப்பைக் கழட்டுவாங்களா?

— நான் பெயிண்டர்டி. புதுத் தரையில செருப்போட நடந்து நான் வாங்கின பேச்சு உனக்கென்ன தெரியும்?

— சரி, உட்காரு. அந்த மடக்கு சீட்டைக் கீழ இழு. என் வீல்சேர்ல இடிக்காம. இன்னும் முக்கால் மணி நேரத்துல ஸ்டேஷன் வரும், இறங்கி அடுத்த வண்டியைப் பிடிச்சு வீட்டுக்குப் போ.

— நான் என்ன நினைக்கறேன்னா, மகாராணி...

— நினைக்காத.

— முழுசாக் கேளு. மாட்டினது மாட்டியாச்சு. அப்படியே கடைசி வரைக்கும் வந்து, உன்னை ஹாஸ்டல்ல இறக்கி விட்டுட்டு நாளைக்குத் திரும்பிடறேன். ஒரே ஒரு நாள்.

— ஒரு நாள்னுதான் வருவ. ஹாஸ்டல் வாசல்ல படி இருக்குன்னு ஒரு வாரம் இருப்ப. அப்புறம் எதிர்வீட்டுக்காரன்கிட்ட பேசி அவன் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆரம்பிச்சிடுவ. காலேஜ்ல அதைத்தானே பண்ணின? எங்க காலேஜ் காம்பவுண்டு சுவருக்கு எத்தனை தடவை பெயிண்ட் அடிச்ச?

— அது மழையில ஊறி ஊறி உரிஞ்சுச்சு.

— உரியலப்பா. நீ அடிச்சுக்கிட்டே இருந்த. மணி அடிச்சா பிரஷ்ஷைப் போட்டுட்டு வந்து என்னை மாடிக்குத் தூக்கிட்டுப் போகணும், அதுக்காக. அந்தச் சுவர்ல இப்போ செங்கல்லை விட பெயிண்ட்தான் அதிகம்.

— தூக்கினது தப்பா?

— தப்புன்னு யார் சொன்னா? நம்ம குடும்பத்துல முதல் டிகிரி உன் முதுகுல ஏறித்தான் வந்துச்சு. அதை நான் எங்க வேணா சொல்லுவேன். ஆனா இப்போ சேரப்போற இந்த வேலை எனக்கே எனக்குன்னு கிடைச்சது. இன்னைக்கு நீ கூட வந்தா, அந்த ஆபீஸ்ல நான் முதல் நாளே அப்பாவோட வந்த பொண்ணு. கடைசி வரைக்கும் அதேதான். நான் தனியாத்தான் போகணும். நேத்து எல்லாத்துக்கும் தலையாட்டினல்ல?

— தலையாட்டினப்போ கதவு தானா சாத்திக்கும்னு தெரியாதே.

— வணக்கங்க. டிக்கெட் காட்டறீங்களா? மேடம் உங்களுது சரியா இருக்கு. ஐயாவுது?

— நான் பயணி இல்லம்மா. இவளை ஏத்திவிட வந்தேன், உன் கதவு என்னைப் பிடிச்சுக்கிச்சு.

— அட, நீங்களுமா! ஒண்ணும் பிரச்சினை இல்ல. எங்க வண்டியில வாரத்துக்கு ஒருத்தராவது இப்படி மாட்டுவாங்க. போன வாரம் மகள் சொன்னாளேன்னு மருமகனை ஏத்திவிட வந்த மாமனார் மாட்டிக்கிட்டார். ரெண்டு பேருக்கும் பல வருஷமாப் பேச்சே இல்லையாம். எதிரெதிர்ல உட்காரவும் வழியில்லையா, பக்கத்து பக்கத்துல உட்கார்ந்து முன் சீட்டோட முதுகையே பார்த்துக்கிட்டு வந்தாங்க.

— பார்த்தியா? இதைத்தான் நான் சொல்றேன். பழைய பெட்டியா இருந்தா எதிரெதிர்ல உட்கார்ந்திருப்பாங்க, முழங்கால் முட்டியிருக்கும், சண்டையாவது வந்திருக்கும். சண்டை வந்தா சமாதானமும் வரும்.

— அதைச் சொல்லுங்க. ஐயாவுக்கு டிக்கெட் போடணும். எது வரைக்கும் போடட்டும்?

— கடைசி வரைக்கும்.

— அடுத்த ஸ்டேஷன் வரைக்கும்.

— ஒண்ணும் பிரச்சினை இல்ல. ரெண்டு பேரும் பேசி முடிங்க. நான் அந்தக் கோடி வரைக்கும் பார்த்துட்டுத் திரும்பி வரேன்.

— நல்ல பொண்ணு. ஆனா பெட்டி நல்லா இல்ல. என்ன கலர் இது? சாம்பலும் இல்ல, நீலமும் இல்ல. ஆஸ்பத்திரியில கூட இதை விட உயிரா அடிப்பாங்க. ஜன்னல் திறக்காது, காத்து வராது, ஒரு சத்தம் இல்ல. ஓடுதா நிக்குதான்னே தெரியல.

— பழைய பெட்டியில என்ன கலர் இருந்துச்சு, சொல்லு பார்ப்போம். வெத்தலைக் கறை கலர்.

— கறை இருந்துச்சு, மனுஷனும் இருந்தான். வீல்சேரோட உன்னைப் பார்த்த உடனே நாலு பேர் ஓடி வருவான். ‘தள்ளுங்க, தள்ளுங்க, பொண்ணை ஏத்துங்க’ம்பான். யாரு பெத்த பிள்ளைங்களோ. மூட்டையை இறக்கி வெச்சுட்டு வந்து கை கொடுத்தானுங்க. ஜன்னல் சீட்டுக்காரன் கேக்காமலேயே எழுந்து இடம் விட்டான். அந்தக் கையெல்லாம் இல்லேன்னா உன்னை வெளியூர்ப் பரீட்சைக்குக் கொண்டு சேர்த்திருக்க முடியுமா? அவங்களை நினைச்சு இன்னைக்கும் கும்பிடுவேன். இங்க உன்னை யாரு பார்த்தா? பிளாட்பாரத்துலேர்ந்து ஒரு பலகையைப் போட்டாங்க, நீ பாட்டுக்கு உருட்டிக்கிட்டு உள்ள வந்துட்ட. ஒரு ஈ காக்கா திரும்பல.

— அதுதாம்ப்பா எனக்குப் பிடிச்சிருக்கு.

— எது?

— ஒருத்தரும் திரும்பாதது. பொறந்ததுலேர்ந்து இன்னைக்குத்தான் நான் ஒரு ரயில்ல எல்லாரையும் மாதிரி ஏறியிருக்கேன். ‘என்னம்மா ஆச்சு, பொறவியிலேயேவா, வைத்தியம் பார்த்தீங்களா’ன்னு ஒரு வாய் கேக்கல. உனக்கு அந்தப் பெட்டியில கை தெரிஞ்சுது. எனக்கு மூணு படிதான் தெரிஞ்சுது. நான் உட்காருற ஒசரத்துலேர்ந்து பார்த்தா அது மூணு மாடி. உள்ள போனதும் என் சேரை மடக்கிக் கடைசிப் பெட்டியில போட்டுடுவாங்க. அதோட நான் தீர்ந்தேன். இறக்கி வெச்ச மூட்டை. ஊர் வந்து யாராவது எடுத்தாத்தான் உண்டு.

— மூட்டைன்னு யாருடி நினைச்சா? ஆசையாத்தானே தூக்கினாங்க.

— எல்லாக் கையும் நல்ல கை இல்லப்பா.

— ...என்ன சொல்ற?

— ஒண்ணும் இல்ல, விடு.

— யாரு? எப்போ? ஏன் என்கிட்ட சொல்லல?

— சொல்லியிருந்தா நீ அவனை அடிச்சிருப்ப, என் காலேஜை நிறுத்தியிருப்ப. ரெண்டாவது நடக்கக் கூடாதுன்னுதான் முதலாவதை விட்டேன்.

— கண்ணு...

— அழாத. இது அழறதுக்கான கதை இல்ல. நல்லதும் சொல்றேன் கேளு. ஒரு அம்மா. காய்கறிக் கூடைக்காரம்மா. எல்லாரும் வந்து ஆளுக்கொரு பக்கம் பிடிக்கறாங்க, அந்த அம்மா மட்டும் கூடையை இறக்கி வெச்சுட்டு என் முகத்துக்கு நேரா குனிஞ்சு, ‘எங்க பிடிச்சா உனக்குத் தோதா இருக்கும் பாப்பா?’ன்னு கேட்டாங்க. அத்தனை வருஷத்துல அதைக் கேட்ட ஒரே ஆள். பேர் கூடத் தெரியாது. அன்னைக்குப் பரீட்சையில என்ன எழுதினேன்னு மறந்துடுச்சு, அந்தக் கேள்வி மறக்கல. நீ கும்பிடற லிஸ்ட்ல அவங்களை முதல்ல வை.

— வெச்சுக்கறேன். நானும் கேட்டதில்லையே.

— நீ கேக்க வேண்டாம். உனக்குத் தெரியும். அந்தப் பையிலேர்ந்து தண்ணி பாட்டிலை எடு.

— தண்ணியா? நீதான் ரயில்ல தண்ணி குடிக்க மாட்டியே. குடிச்சா குமட்டும்ப.

— குமட்டாது. சும்மா சொன்னேன். அந்தப் பெட்டியில பாத்ரூம் கதவு என் தோள் அகலம்தான். உள்ள போனாலும் பிடிக்க ஒண்ணும் கிடையாது, கீழ ஓட்டை, ஓடற தண்டவாளம். நீ அங்க தூக்கிட்டுப் போறது எனக்கு வேண்டாம். வயசுக்கு வந்த பொண்ணு நான். அதனால ரயில் ஏறுற நாள்னா முந்தின நாள் சாயங்காலத்தோட தண்ணியை நிறுத்திடுவேன்.

— பரீட்சைக்கு நாம போனதெல்லாம் கோடையிலடி!

— ஆமா. நாக்கு ஒட்டிக்கும். பாட்டிலைக் கொடு.

— மெதுவா குடி. முழுசையும் ஏன் குடிக்கற? புரை ஏறப் போகுது.

— அப்பாடா. ஜன்னல் ஓரம், ஓடற வண்டி, ஒரு பாட்டில் தண்ணி. எவ்வளவு சின்ன ஆசை பாரு. சரி, நான் போயிட்டு வரேன். நீ எழுந்திருக்காத.

— கதவு வரைக்கும் வரேன்.

— உட்காரு பெயிண்டரே. கையைக் கட்டிக்கிட்டு உட்காரு.

— என்ன ஐயா, தனியா உட்கார்ந்துட்டீங்க? மேடம் எங்க?

— உள்ள போயிருக்காம்மா. அந்தக் கதவும் தானா திறந்து தானா சாத்திக்கிச்சு. சேரோட அப்படியே உள்ள போயிட்டா, திரும்பிக் கூடப் பார்க்கல. எனக்கு வேலையை விட்டு நிறுத்தின மாதிரி இருக்கு.

— இடுப்பு வலி உண்டா ஐயா? எழுந்து உட்காரும்போது பிடிச்சுக்கறீங்களே.

— இல்லாம இருக்குமா? அவகிட்ட சொல்லிடாத. ஏணியில நின்னு நின்னு வந்ததுன்னு சொல்லி வெச்சிருக்கேன்.

— ஒண்ணும் பிரச்சினை இல்ல. நான் எதையும் பார்க்கல.

— ஒண்ணு கேக்கவாம்மா? இந்தப் பெட்டியைக் கட்டினவங்க யாரு?

— அதெல்லாம் பெரிய ஃபேக்டரி ஐயா. நூத்துக்கணக்கான பேர் இருப்பாங்க. ஏன்?

— ஏறினதுலேர்ந்து இதைத் திட்டிக்கிட்டே வந்தேன். முகம் இல்ல, கலர் இல்லன்னு. ஆனா எவனோ ஒருத்தன் டேப்பைக் கையில வெச்சுக்கிட்டு அந்தக் கதவுக்கு அளவு எடுத்திருக்கான். என் பொண்ணைப் பார்த்ததே இல்ல அவன். அவ சேர் நுழையணும்னு இந்த அகலம் விட்டிருக்கான். நான் பெத்தவன், எனக்கு அவ தாகம் தெரியல. அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. அவன் குடும்பம் நல்லா இருக்கட்டும்.

— டிக்கெட் எது வரைக்கும் போடட்டும் ஐயா?

— அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் போடும்மா.

— அப்பா! அந்த பாத்ரூம் கதவோட உள்பக்கத்துப் பட்டனை எவ்வளவு ஒசரத்துல வெச்சிருக்கான் தெரியுமா? கட்டினவன் ஒரு நாளாவது வீல்சேர்ல உட்கார்ந்து பார்த்திருந்தா இப்படி வெச்சிருப்பானா? சீப்பை நீட்டி அமுக்கினேன். நல்லாத் திட்டி எழுதிப் போடப் போறேன்.

— அவன் குடும்பத்தை இப்பத்தான் வாழ்த்தினேன், நீ அதுக்குள்ள திட்டுற.

— வாழ்த்து ஒரு பக்கம், திட்டு ஒரு பக்கம். ரெண்டும் அவனுக்குச் சேர வேண்டியதுதான். டிக்கெட்டக்கா போறாங்களே, உனக்குப் போட்டாச்சா?

— போட்டாச்சு.

— எனக்குத் தெரியும்! நான் அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து... இவ்வளவு நேரம் சுவர்கிட்டயா பேசினேன்? நான் சொல்றது உனக்கு...

— அடுத்த ஸ்டேஷன் வரைக்கும்தான் போட்டிருக்கு. இந்தா, நீயே பாரு.

— அட, ஆமா.

— அப்புறம் ஏன் மூஞ்சி அப்படி?

— இல்ல. இன்னும் நாலஞ்சு காரணம் வெச்சிருந்தேன்.

— போன்ல திட்டு. வண்டி நிக்கப் போகுதோ?

— வேகம் குறையுது.

— தெரியவே இல்ல பாரேன். பழசா இருந்தா உலுக்கி எடுத்திருக்கும்.

— ஐயா, கதவு திறந்தாச்சு. இங்க ஒரு நிமிஷம்தான் நிக்கும், இறங்கிடுங்க.

— வரேம்மா. அப்போ கிளம்பட்டுமா, கண்ணு?

— திரும்பிப் போற வண்டி எந்த பிளாட்பாரம்னு தெரியுமா உனக்கு?

— வாய் இருக்கு, கேட்டுக்கறேன்.

— வெறுங்காலோட போற. வெயில்ல தரை கொதிக்கும்.

— வெளியில கடை இருக்கும், ஒரு ஜோடி வாங்கிக்கறேன்.

— அம்மாகிட்ட என் போர்வையைத் துவைக்க வேண்டாம்னு சொல்லு. அப்படியே இருக்கட்டும்.

— சொல்றேன்.

— அங்க ஹாஸ்டல்ல நிஜமாவே படி இருந்தா என்னப்பா பண்றது?

— திட்டு. உன் வாய்க்கு பயந்து ரெண்டே நாள்ல சரிவு கட்டிக் கொடுத்துடுவாங்க.

— ஒருவேளை திட்டியும் கட்டலைன்னா?

— அப்போ கூப்பிடு, வரேன். நீ கூப்பிட்டா மட்டும்.

— ஐயா, சீக்கிரம்!

— இதோ இறங்கறேன் தாயே. மகாராணி, கதவு சாத்தப் போகுது. என் சட்டையை விடு.