சரிவில் நியூட்ரல்

அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை, பார்த்து உட்காருங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா. அலமாரியில் பிரிக்காமல் கிடக்கும் பம்ப்பைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன். ஒளிப்பதாக இருந்தால் ஒர்க்‌ஷாப்பிலேயா வைத்திருப்பேன்?

என் தங்கையின் கணவருக்கு வேகப் பைத்தியம். "மச்சான், வண்டி இழுக்கவே மாட்டேங்குது, ஏதாவது பண்ணிக் குடுங்க" என்று என் உயிரை எடுத்தார். ரேஸ் வண்டிக்குப் போடுகிற கேம்ஷாஃப்ட்டைப் போட்டுக் கொடுத்தேன். அது வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கும். இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது காற்றை அள்ளிக் குடித்துப் பறக்கும். மெதுவாகச் சுற்றினால் திணறும், உதறும், உறிஞ்சும் விசையும் குறைந்துவிடும். பிரேக் பெடல் லேசாக இருப்பதே அந்த விசையால்தான். அது போனால் பெடல் கல்லாகிவிடும். அதை ஈடுகட்டத்தான் இந்தப் பம்ப்.

நான் மாட்டவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்ல என் தொழில் இடம் கொடுக்காது.

ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நெடுஞ்சாலையில் பிரேக் நன்றாகவே பிடித்தது. ஆனால் வேகத்துக்கு வாரி இறைப்பவர், வீட்டுக்கு இறங்கும் சரிவில் மட்டும் கஞ்சன். பெட்ரோல் மிச்சமாகும் என்று, இன்ஜினை மெதுவாகச் சுற்றவிட்டு நியூட்ரலில் உருட்டிக்கொண்டு போவார். வேண்டாம் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை சொல்லவில்லை.

எல்லாம் தங்கைக்காகத்தான். அம்மா அப்பா போன பிறகு அவளை வளர்த்தவன் நான். அவர் அவளை ஒரு நாளும் அடித்ததில்லை. அவளும் ஒரு குறை சொன்னதில்லை. சொல்ல முடியாமல் எவ்வளவு தவித்தாளோ, நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. "அண்ணா, அவருக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. இனிமே நாங்க அங்கதான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை.

அவளும் வண்டியில் ஏறியது எனக்குத் தெரியாது என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். பொய் எதற்கு? கதவைத் திறந்துவிட்டதே நான்தான். அவளை மட்டும் பெல்ட் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

அந்தச் சரிவில் வண்டி நிற்கவில்லை. அவர் அங்கேயே போய்ச் சேர்ந்தார். அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இப்போது பின்னால் இருக்கும் அறையில், பழையபடி என்னோடுதான் இருக்கிறாள். நானே சாப்பாடு ஊட்டிவிடுகிறேன். நான் உள்ளே போகும்போதெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள். பாவம், இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குகிறாள்.