கந்தக அச்சு

— ஊரே சொல்லுது, வுகோத்தாண்ணே, என் புருஷன் துப்பாக்கியை நீங்க சரியாப் பாக்கலன்னு. அதான் அவரோட நாப்பதாம் நாள் காரியம் முடிஞ்ச கையோட துப்பாக்கியைத் தூக்கிட்டு வந்துட்டேன்.

— பாக்கலையா? பண்டிகைக்கு முன்னாடியே அந்தச் சுழல்துப்பாக்கியோட ஆறு குண்டறையிலயும் கந்தகத்தை உருக்கி ஊத்தி, விரிசல் இருக்கான்னு அச்சு எடுத்தேன், மிலோசவா. ஆறும் அந்த அலமாரியில இருக்கு. ஒரு மயிரிழை விரிசல் காட்டு, கடையை மூடிடறேன்.

— மூடறதுக்கு என்ன இருக்கு? ஒரு மாசமா ஈ காக்கா வரல!

— நீ சும்மாயிரு, ஜோகா.

— உங்க பொண்டாட்டி பேசட்டும்ணே. என் பெரிஷா கிறிஸ்துமஸ் ஓக் கட்டையைத் தோள்ல தூக்கிட்டு வந்தாரு. வழக்கம்போல மூணு வெடி போடணும்னு வாசல்ல நின்னாரு. முதல் வெடிக்கே துப்பாக்கி கையிலயே சிதறிடுச்சு. கட்டை மேல தூவ கோதுமையோட நின்ன புள்ளைங்க ரெண்டும் பாத்துச்சுங்க. ஏன்னு எனக்குத் தெரியணும்.

— தோட்டா அவனே அடைச்சதுதானே?

— எப்பவும்போல. நீங்க குடுத்த அளவுக் கோப்பையில தலைதட்டி அளந்து. வெடிமருந்துகூட மாமனார் காலத்து டப்பாவுலேர்ந்துதான்.

— அந்தக் கரிமருந்து தீந்துபோச்சுன்னானே?

— நான்தான் ரொப்பி வெச்சேன், அவருக்குத் தெரியாம. பண்டிகையாச்சே, இருக்கறதுலயே உசத்தியாக் குடுன்னு டவுன்ல கேட்டேன். புகையே வராதுன்னு கருஞ்சாம்பலா ஒண்ணு குடுத்தான். அதைத்தான் டப்பாவுல கொட்டி வெச்சேன்.

— துப்பாக்கியை வெளிச்சத்துக்குக் கொண்டா. இந்தா, இந்த அறையில. பழைய விரிசல். அச்சுல விழல. நான் கவனிக்கல.

— அப்போ...

— ஊர் சொல்றது சரிதான், தங்கச்சி. தப்பு என்னோடது. டப்பாவுல மிச்சம் இருக்கறதை மோராச்சா ஆத்துல கொட்டிடு, புள்ளைங்க கையில கிடைச்சிடப் போகுது.

— பாவி! இத்தனை நாளா உன் மேல தப்பே இல்லன்னு சாதிச்சியே! உன் கை அழுகிப் போகும்! இனி இந்த வாசப்படியை மிதிக்கமாட்டேன்.

— ஏங்க, அவ போயிட்டா. உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அந்தக் காலத்துத் துப்பாக்கியில புகையில்லா மருந்தைக் கோப்பை நிறைய அடைச்சா வெடிச்சிடும்னு எனக்கே தெரியும். விரிசலாவது மண்ணாவது!

— கத்தாதே.

— அலமாரியில அச்சு இருக்கு. ஊரைக் கூட்டிக் காட்டறேன்.

— தொடாதே. ஆறையும் நானே உடைச்சுடறேன்.

— எதுக்கு? எதுக்கு நம்ம தலையில நாமே மண்ணை அள்ளிப் போடணும்?

— நாளைக்குக் காலையில அவ எந்திரிச்சு அந்தப் புள்ளைங்களுக்கு ரொட்டி சுடணும், ஜோகா. தன்னையே திட்டிக்கிட்டான்னா, எந்திரிக்கவே மாட்டா. என்னைத் திட்டிக்கிட்டுன்னா, சுடுவா.