ஒழுகாத பை

பை மாற்றுவதற்குக் காலை வேளைதான் தோது சார். வெறும் வயிறு, அதிகம் வராது. சொல்லிக் கொடுத்தது ஆஸ்பத்திரி நர்ஸ். நானாக இட்டுக்கட்டவில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

என் சம்சாரத்துக்குக் குடல் நுனியை வயிற்றுக்கு வெளியே இழுத்துத் தைத்துவிட்டார்கள். கட்டைவிரல் அகலம், செக்கச்செவேல் என்று இருக்கும். மலம் அது வழியாகத்தான் பையில் விழும். அதற்கு மூடி கிடையாது, நேரங்காலம் கிடையாது. பழைய பையை உரித்து, தோலைத் துடைத்துக் காயவைத்து, புதுப்பையை ஒட்டவேண்டும். ஈரம் இருந்தால் பசை பிடிக்காது. நான் துடைத்து முடிக்கவும் அது பீச்சவும் சரியாக இருக்கும்.

நாற்பது வருஷம் குழாய் வேலை பார்த்தவன் நான். சொல்லிக்கொடுத்த அன்றைக்கு அந்த நர்ஸ் முன்னாடியே மூன்று பை வீணாகி, சட்டையெல்லாம் தெறித்தது.

"ஊரு வீட்டுக் குழாயெல்லாம் அடைச்சாராம், பொண்டாட்டி வயித்துல ஒரு பை ஒட்டத் துப்பில்ல," என்றாள் என் சம்சாரம். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. மகளுக்குப் போன் போட்டும் அதையே சொல்லிச் சிரித்தாள்.

குழாய் ஒழுகினால், வேலை தெரியாதவன் ஒழுகுகிற இடத்தில் துணி சுற்றுவான். தெரிந்தவன் மேலே ஏறி வால்வை மூடுவான். காலையில் வெறும் வயிற்றில் கம்மியாக வருகிறது என்றால், நாள் முழுக்க வெறும் வயிறாக வைத்தால் என்ன?

முதலில் சோற்றை நிறுத்தினேன். அப்புறம் தண்ணீரை. "உப்பு, சர்க்கரை கலந்து நிறையத் தண்ணி குடுங்க தாத்தா," என்று நர்ஸ் போனில் சொன்னது. குடிப்பதெல்லாம் பையில்தானே வந்து விழுகிறது. பை தீர்ந்தால்தானே அவர்களுக்குப் பிழைப்பு.

தண்ணீரை நிறுத்திய மூன்றாம் நாள், "ஏங்க, ஒரு வாய் தண்ணி குடுங்க," என்றாள்.

"பை ஒட்டிட்டுத் தரேன்."

"நேத்தும் இதத்தான் சொன்னீங்க."

ஒட்டினேன். பசை பிடிக்கட்டும் என்று தண்ணீர் ஜக்கை எடுத்து அலமாரி உச்சியில் வைத்தேன். அவளால் எழுந்து நிற்க முடியாது என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று பொய் சொல்லமாட்டேன்.

மகள் கூப்பிட்டாள். "அம்மாகிட்ட குடுப்பா."

"தூங்குறா," என்றேன். முழித்துக்கொண்டுதான் கிடந்தாள். என்னையே பார்த்தாள். பேச்சு இல்லை, சிரிப்பும் இல்லை.

ஐந்தாம் நாள் காலை பழைய பையை உரித்தேன். உள்ளே ஒரு சொட்டு இல்லை. அவசரப்படாமல் துடைத்தேன், புதுப்பையில் ஓட்டையை அளவாக வெட்டினேன். பாதியில்தான் அவள் உடம்பு சில்லிட்டுக் கிடப்பது கைக்குத் தெரிந்தது. ஒட்டி முடித்துவிட்டுத்தான் மகளுக்குச் சொன்னேன்.

நாக்கு காய்ந்து அண்ணத்தில் ஒட்டியிருந்தது என்று உங்கள் டாக்டர் எழுதியிருக்கிறாராம். எழுதட்டும். நான்தான் செய்தேன். எங்கே கைநாட்டு வைக்கவேண்டும், காட்டுங்கள், வைக்கிறேன். ஆனால் அந்தப் பையின் ஓரத்தை ஒரு தரம் பார்க்கச் சொல்லுங்கள் சார். ஒரு சுருக்கம் இருக்கிறதா என்று.