எலிக்கு ஊற்றும் சாராயம்

எண்பதுகளின் நடுவில் ஒரு காலை, பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து தருமபுரி போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவள் சொன்னது காதில் விழுந்ததும் செய்தித்தாளை மடித்து வைத்தேன்.

“என் தம்பிக்கு பெங்களூர்ல எலிக்குச் சாராயம் ஊத்தற வேலை.”

“எலிக்கா?” மடியில் கஞ்சித் தூக்குப்போசி வைத்திருந்த இளையவள் கேட்டாள்.

“ஆராய்ச்சிக் கூடம்டி. ஊத்தி ஊத்தி ஈரலைக் கெடுப்பாங்க. அப்பறம் ஒரு புது ஊசி போட்டு ஆத்திப் பாப்பாங்க. நம்ம ஒடம்புல இருக்கற புரதத்துல ஒரு துண்டைப் பாத்து, அதே மாதிரி அங்கயே செஞ்ச மருந்தாம்.”

“ஆறுதாக்கா?”

“ஆறுதாம். ஊசி போட்ட எலி நல்லா தீனி தின்னுதுன்னு எழுதியிருக்கான்.”

இளையவள் தூக்குப்போசியைப் பார்த்தாள். “எங்க வூட்டுக்காரரு நாலு நாளா கஞ்சிகூட எறக்கலை. ஈரல் போச்சுன்னுட்டாரு டாக்டர். கெடுக்கற வேலைய அவரே முடிச்சு வெச்சிருக்காரு. ஊசி மட்டும் கெடைச்சாப் போதும்.”

“எல்லா எலிக்கும் மருந்து போட மாட்டாங்கடி. பாதிக்கு வெறும் உப்புத்தண்ணிதான். அப்பத்தான் மருந்தோட கொணம் தெரியுமாம்.”

“அவருக்கும் உப்புத்தண்ணிதான்க்கா ஏத்தறாங்க.”

ஆஸ்பத்திரி நிறுத்தத்துக்கு நடத்துனர் விசில் கொடுத்தார். இளையவள் எழுந்தாள். மூத்தவள் காலை ஒதுக்கி வழிவிட்டாள்.

“தம்பிக்கு எழுதிக் கேக்கறேன். ஆனா மனுசனுக்குக் குடுக்க இன்னும் பல வருசம் ஆகும்னான். இப்போதைக்கு எலிக்கு மட்டுந்தானாம்.”

“அப்ப மனுசன்னு சொல்லாதக்கா. எலின்னே எழுது,” என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள்.