ஒத்த ஆள் கம்பெனி

அட ஓடாத அண்ணாத்தே, குந்து. மூணு மாடி தண்ணி கேன தோள்ல தூக்கினு ஏறி வந்துகிற, லிப்ட்டு இல்லாத பில்டிங்கு, மூச்சு வாங்குது பாரு. கேன அப்பால கவுத்துக்கலாம். வண்டிய நெயல்ல தான உட்டுகிற? அப்பறம் இன்னா. சனிக்கெயம உனக்கு கடசி தெரு இதான்னு எனக்குத் தெரியும். முத்தாபுதுப்பேட்ட மொத்தமும் முடிச்சிட்டுதான என்னாண்ட வர்ற. டீ போட்டுட்டேன். வேணாங்காத, ரெண்டு கிளாசு ஊத்தியாச்சி, ரெண்டயும் நான் ஒருத்தனே குடிக்க முடியுமா?

போன தபா நீ கேட்ட இல்ல, இன்னா சார், எந்நேரமும் கம்ப்யூட்டராண்டயே குந்திகினு கீற, அப்டி இன்னாதான் வேலன்னு. அன்னிக்கி நீ அவசரத்துல இருந்த, நானும் மயுப்பிட்டேன். இன்னிக்கி சொல்றேன். மொதல்ல அந்த சார உடு தேவாண்ணாத்தே. மனோகரன் என் பேரு. மனோன்னே கூப்டு. கூப்ட்டு நாளாச்சி யாரும்.

ஆப் பண்றேன். போன்ல போட்டுக்கறாங்களே, அது. ஷிப்ட்டு பாத்துக்கற ஆப்பு. எங்கப்பா ஆவடில டேங்க் பேக்டரி. ஒரு வாரம் காலீல பூடுவாரு, ஒரு வாரம் ராத்திரி. எந்த வாரம் எதுன்னு கொயம்பும். எங்கம்மா கேலண்டர்ல பென்சில்ல எய்தி வைக்கும். அத்ததான் நான் போன்ல பண்ணேன். யாரு வாங்குறாங்கன்ற? பேக்டரிக்காரங்க கம்மி. நர்சுங்கதான் ஜாஸ்தி. கேரளா, துபாய், எங்கெங்கியோ கீறாங்க. நான் காலேஜ்ல படிச்சது இல்ல இது, மார்க்கெட்ல செல்போன் ரிப்பேர் கடைல வேல செஞ்சிகினே நானா கத்துகினது.

காசு வருது, பரவால்ல. வாடகைக்கு, சோத்துக்கு, உன் கேனுக்கு ஆவுது. வரி கட்டறேன், பின்ன. அம்பத்தூர் ஓ.டி.ல ஒரு ஆடிட்டர் கீறாரு, பக்தவத்சலம்னு. வருசத்துக்கு ஒரு தபா, ஜூலை மாசம் போவேன். அவரு இன்னா சொன்னாருன்னா, நீ ஒத்த ஆளு, எல்லாம் உன் பேர்லயே இருக்கட்டும், வர்றதுல பாதிய லாபம்னு காட்டிட்டு அதுக்கு வரி கட்டிடு, பில்ல எல்லாம் ஜோப்புல வச்சிகினு சுத்தாதன்னாரு. அப்டியே ஓடிகினு இருந்துச்சி. எனக்கும் ஒரு தொல்லயும் இல்ல.

இப்ப இன்னாச்சின்னா, பூந்தமல்லில ஒரு ஆஸ்பத்திரி. பெருசு. அவங்க நர்சுங்க எல்லாருக்கும் என் ஆப்ப போட்டுக்கறேன்றாங்க. அங்க சபீனான்னு ஒரு மேடம், நர்சுங்களுக்கு எல்லாம் மேல. ரொம்ப நல்ல மாதிரி. என் ஆப்ப மூணு வருசமா அதுவே வச்சிகினு கீதாம். ஆனா அவங்க ஆபீஸ்ல ரூல் கீதாம், தனி ஆள் பேர்ல அக்ரிமெண்ட் போட மாட்டாங்களாம். கம்பெனியா வான்றாங்க. திங்கக்கெயமக்குள்ள கம்பெனிக்கு எய்திப் போட்ட ரசீதயாவது காட்டுங்க சார், இல்லன்னா மேல கீறவங்க வேற ஆள பாத்துடுவாங்கன்னு மேடம் நேத்துகூட போன் பண்ணுச்சி. இது கெட்சா எனக்கு பெரிய விசயம் அண்ணாத்தே. காசு மட்டும் இல்ல. நம்ப செஞ்சத ஒரு கட்டடம் மொத்தமும் ஒண்ணா வச்சிகினு கீறது எப்டி இருக்கும், சொல்லு. நேர்ல போய் பாக்கலாம். இன்னிக்கி வரைக்கும் என் ஆப்ப வச்சிகிற ஒரு மனுசனயும் நான் மூஞ்சி பாத்தது இல்ல.

குடி, ஆறிடும்.

அதான் ஆடிட்டராண்ட ஓடுனேன். இன்னா கம்பெனி போடலாம்னு. பிரைவேட் லிமிடெட்டுன்னா ரெண்டு பேராவது வேணும்னாரு. எல்எல்பின்னு ஒண்ணு கீது, பார்ட்னருங்க சேந்து போடறது, செலவு கம்மி, அதுக்கும் ரெண்டு பேரு. எங்க சுத்துனாலும் அந்த ரெண்டாவது ஆளாண்டதான் வந்து நிக்குது.

இருந்தான் ஒருத்தன். விஷாலு. அதே ரிப்பேர் கடைல எனக்கு பக்கத்து ஸ்டூலு. இந்த ஆப்பே ரெண்டு பேரும் ஒண்ணாதான் ஆரம்பிச்சோம். அப்பறம் அவனுக்கு புனேல வேல கெட்சிது, கண்ணாலம் ஆச்சி, கொயந்த பொறந்துச்சி. போன வாரம் போன் போட்டேன். மச்சான், நான் இன்னொரு கம்பெனில பார்ட்னருன்னா எங்க ஆபீஸ்ல ஒத்துக்கமாட்டாங்கடான்னான். நெசந்தான், அவன் மேல தப்பு இல்ல. கொயந்தகிட்ட போன குடுத்தான், அது இன்னாவோ இந்தில பேசிச்சி.

ஆனா ஒண்ணு, ஆப்ல இன்னிக்கும் எங்க டீமுன்னுதான் போட்டுகிறேன். சிரிக்காத. ஒத்த ஆளுன்னு சொன்னா எவன் நம்புவான்? என்ன மேரி தனியா பண்றவன் எல்லாருமே நாங்கன்னுதான் எய்துவான். ஒரு நர்சு மெயில் போடும், அலாரம் அடிக்கலன்னு. எங்க டீம் பாத்துகினு கீறாங்க மேடம், நாளைக்கி சரி பண்ணிடுவாங்கன்னு நானே பதில் போடுவேன். அப்பறம் நானே போய் பாப்பேன். இப்டியே நாங்க நாங்கன்னு எய்தி, ஒரு நாளு பால் கடைல, எங்களுக்கு அர லிட்டர் போதும்னு சொல்லிட்டேன். அந்தம்மா என் பின்னால யாரு கீறான்னு எட்டிப் பாக்குது.

அப்பறம் ஆடிட்டரே சொன்னாரு, ஒத்த ஆள் கம்பெனின்னே ஒண்ணு கீதுப்பா, சட்டத்துலயே கீது, உனுக்கு அதான் சரின்னு. எனக்கு சந்தோசம் தாங்கல. நம்பள மேரி ஆளுக்குன்னே எவனோ குந்தி யோசிச்சிகிறான் பாருன்னு.

சிரமமும் கீது. பாதி லாபம்னு காட்டற கணக்கு எல்லாம் அங்க செல்லாது. ஒவ்வொரு பில்லயும் காட்டணும், வருசா வருசம் ஆடிட்டு பண்ணியே ஆவணும். அத்தவிட தமாசு ஒண்ணு கீது, கேளு. கம்பெனி வேற, நீ வேறன்னாரு. சட்டத்துல கம்பெனின்றது தனி ஆளாம். நான் ஒரு முடிவு எடுத்தா, அத்த கம்பெனிக்கு நான் தெரிவிக்கணுமாம். எய்தி, தேதி போட்டு, கையெய்த்து போட்டு வைக்கணும். கம்பெனி எனக்கு சம்பளம் குடுக்கணும். அந்த சம்பளத்துல கம்பெனி வரி புடிச்சிட்டு எனக்கு சீட்டு குடுக்கணும். எல்லாம் நாந்தான். இந்த நாற்காலில குந்தி எய்திட்டு, இதே நாற்காலில குந்தி வாங்கிக்கணும். அங்க ஆபீஸ்ல சிரிச்சிட்டேன். ஊட்டுக்கு வந்து படுத்துகினு யோசிச்சா, பரவால்லியே, தெரிவிக்கறதுக்காவது ஒரு ஆளு வருதேன்னு தோணிச்சி. அப்டி ஆயிட்டேன் பாரு.

சரின்னு பேப்பர் எல்லாம் குடுத்தேன். போட்டோ, பான் கார்டு, கரண்டு பில்லு. எல்லாம் வாங்கி வச்சிகினு ஆடிட்டரு கேக்கறாரு, நாமினி யாருன்னு.

ஒத்த ஆள் கம்பெனிக்கும் இன்னொரு ஆளு வேணுமாம் அண்ணாத்தே. ஏன்னா கம்பெனில கீறது நீ ஒருத்தன், நாளைக்கி நீ பூட்டா அது யாருக்கு போவும்? அந்த ஆளு இன்னிக்கே சம்மதம்னு கையெய்த்து போட்டுக் குடுக்கணும். சட்டத்துல ஓட்ட வுடல அவங்க.

எங்கக்கா கீது, லாவண்யா. மாங்காட்டுல. நேரா அங்கதான் போனேன். அக்காவுக்கு விசயமே புரியல, ஆனா சரிடான்னுச்சி. சரவணக்குமார் மாமாதான், அக்கா ஊட்டுக்காரரு, கம்பெனின்னா இன்கம்டாக்ஸ்காரன் நாளைக்கி எங்க ஊட்டு வாசல்ல வந்து நிப்பான், உங்கக்கா கையெய்த்து எதுலயும் வராதுன்னுட்டாரு. முன்ன எவனுக்கோ லோனுக்கு ஜாமீன் போட்டு மாட்டிக்கினவரு. ஜாமீன் இல்ல மாமா, நான் உசுரோட கீற வரைக்கும் உங்களுக்கு ஒரு சம்பந்தமும் இல்ல, வேணாம்னா எப்ப வேணா விலகிக்கலாம்னு தலகீய நின்னு சொன்னேன். நீ சாவறத பத்தி ஏண்டா இப்ப பேசற, நல்ல நாளும் அதுவுமான்னு அக்கா அய ஆரம்பிச்சிடுச்சி. சோறு போட்டுச்சி, துன்ட்டு வந்துட்டேன்.

அவங்க கெட்டவங்க இல்ல. ஆனா பஸ்ஸுல வரும்போது ரொம்ப கஷ்டமா இருந்துச்சி. போன்ல இத்தினி பேர் நம்பர் கீது. மேல இருந்து கீய வரைக்கும் தள்ளிகினே வந்தேன். ஒருத்தன்கிட்டயும் இத்த கேக்க முடியாதுன்னு தெரிஞ்சிது. ஆடிட்டர் சாயந்தரம் வரைக்கும் ஆபீஸ்ல கீறாரு. அதுக்குள்ள பேர் குடுத்தா இன்னிக்கே ஏத்திடறேன்றாரு.

இரு, இரு, எந்திரிக்காத. ஏன் இத்த எல்லாம் எனக்கு சொல்றன்னுதான கேக்கற? சொல்றேன்.

போன மாசம் ஒரு நாளு நீ கேன் எட்துகினு வந்து கதவு தட்ன, நான் தொறக்கல. ஞாபகம் கீதா? வாசல்ல வச்சிட்டுப் பூட்ட. காலி கேனு வெளில இல்லன்னு உனக்கு இன்னாவோ மாதிரி இருந்துகிது, கீய தெருவு முடிச்சிட்டு மறுபடியும் மூணு மாடி ஏறி வந்த. போன் அட்ச்சிகினே இருந்த. உள்ள இருந்து நான் கத்துனேன், தூங்கிட்டேன் அண்ணாத்தே, காலி கேன நாளைக்கி வாங்கிக்கன்னு. பட்டப்பகல்ல இன்னா தூக்கம்னு திட்டிகினே எறங்கிப் போன.

தூங்கல. பாத்ரூமாண்ட வியுந்துட்டேன். காலீல மயக்கம் வந்துச்சி, தல செவுத்துல மோதிச்சி போல. எத்தினி நேரம் கெடந்தேன்னு தெரியாது. நீ தட்ன மொத சத்தம் காதுல வியுந்துச்சி, வாய் வரல. நீ படி எறங்கிப் போற சத்தமும் கேட்டுச்சி. அப்ப வந்த பயம் எனக்கு வாழ்க்கைல வந்தது இல்ல. அப்பறம் நீ திரும்பி வந்து போன் அட்ச்சியே, அந்த சத்தத்துல புட்ச்சிகினுதான் எந்திரிச்சி குந்துனேன். உன்னாண்ட சொல்ல வெக்கமா இருந்துச்சி. அதான் தூங்கிட்டேன்னேன். டாக்டராண்ட போனேன், போனேன், சக்கர கம்மி ஆயிடுச்சின்னாரு, வேளா வேளைக்கி துன்னுன்னாரு. இப்ப பரவால்ல. மூஞ்ச அப்டி வச்சிக்காத.

நான் பூட்டா, அக்காவுக்குத் தெரிய ஒரு வாரம் ஆவும். விஷாலுக்கு எப்பன்னு சொல்ல முடியாது. ஆடிட்டருக்கு ஜூலை மாசந்தான் தெரியும், இன்னும் ரிட்டன் போட ஆள காணமேன்னு. உனக்கு மட்டுந்தான் அன்னிக்கே தெரியும்.

உனக்கு இதுல செலவு கெடயாது, வேல கெடயாது. கம்பெனி உன் கைக்கு வந்தா, பக்தவத்சலம் சாராண்ட குடுத்துடு, வித்தோ மூடியோ குடுப்பாரு, வர்றது உனக்கு. நர்சுங்களுக்கு மட்டும் ஒரு வரி எய்திப் போடச் சொல்லு, இனிமே பதில் வராதுன்னு. காத்துகினு இருப்பாங்க பாவம்.

பான் கார்டு கீதா அண்ணாத்தே உன்னாண்ட?