என் ஸ்கூட்டர் கெடுத்த வானம்

கைக்கடிகாரத்தை விட்டுக் கண்ணெடுக்காத தலைவர் அவர்களே! காரணம் கேளாமல் கூடிவிட்ட பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! பின்னால் பெட்ரோல் வண்டியின் மேலேயே உட்கார்ந்திருக்கும் தம்பிமார்களே! உங்கள் அனைவருக்கும் இந்த ஸ்கூட்டர் மெக்கானிக்கின் பதற்றமான வணக்கம்.

பத்தாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன் நான். ஒரே முறை படித்தவர்களைவிட எனக்கு அதிகம் தெரிந்திருக்க வேண்டும்; தெரியவில்லை! என் மகள்தான் அதோ தெரிகிற ரேடியோ தொலைநோக்கியில் வானத்தைக் கேட்கிறாள்.

எதைக் கேட்கிறாள்? எட்டாத் தொலைவில் ஒரு விண்மீன் கூட்டம். அதன் நட்டநடுவில் ஒரு கருந்துளை. விழுங்கியதைத் திருப்பித் தராது. ஆனால் வாயருகே வந்ததில் கொஞ்சத்தை நீண்ட தாரையாகப் பீய்ச்சியடிக்கும். பிள்ளைக்கு ஊட்டிவிட்ட தாய்மார்களுக்கு நான் விளக்கவா வேண்டும்?

போன வாரம் அந்தத் தாரையின் அடியில் புதிதாக ஒரு வெளிச்சக் கட்டி தெரிந்தது. நான்கு வருடம் காத்திருந்த மகள், வீட்டுக்குள் ஓடி வந்தாள்.

"அப்பா, புதுசா ஒண்ணு வெளிய வருதுப்பா!"

"எத்தனை மணிக்கும்மா பாத்த?"

"காலைல பதினொண்ணே கால். ஏம்பா?"

"அப்பதாம்மா நீ மறந்துட்டுப் போன கண்ணாடிய எடுத்துட்டு வந்தேன். வண்டியில."

"எந்த வண்டில?"

தொலைநோக்கிக்கு இரண்டு கிலோமீட்டர் முன்பே வைத்திருக்கும் 'பெட்ரோல் வண்டிகள் இங்கேயே நிற்கவும்' என்ற பலகை மற்றவர்களுக்கு என்று நினைத்தவன் நான்! ப்ளக்கில் தெறிக்கும் பொறி ரேடியோ இரைச்சலையும் கிளப்புமாம். முப்பது வருடம் ப்ளக் மாற்றியவனுக்கு இது தெரியாது!

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "எவ்ளோ நேரம் ஓடுச்சுப்பா?" என்றாள்.

"ஆஃப் பண்ணவே இல்லம்மா. பண்ணா மறுபடி ஸ்டார்ட் ஆகாது."

என்ன தம்பி சிரிப்பு? ஆமாப்பா, மெக்கானிக் வண்டிதான்!

அந்த வெளிச்சம் கருந்துளை கக்கியதா? என் ஸ்கூட்டர் கக்கியதா? ஒரு வாரமாக எனக்குத் தூக்கமில்லை. இன்று நான்கு மணிக்கு மறுபடி பார்க்கிறார்கள். நாளுக்கு நாள் மங்கும் வெளிச்சம். இன்று தப்பினால் என்றைக்கும் இல்லை. இன்னும் இருபதே நிமிடம்!

அதனால் கேட்கிறேன்: செல்பேசியை அணையுங்கள்! வண்டியைத் தள்ளிக்கொண்டு போங்கள்! நானும் தள்ளுவேன்; எனக்குப் பழக்கம்தான். கோடானுகோடி ஆண்டுகள் கடந்து வந்த சேதி! இருளைக் கடந்து, வெறுமையைக் கடந்து வந்த சேதி! அது கடைசி இரண்டு கிலோமீட்டரில் ஒரு ஓட்டை ஸ்கூட்டரிடம் தோற்கலாமா? தோற்க விடலாமா?

பந்தல் வாசலில் என் மகள் வந்து நிற்கிறாள். அவள் என்னைப் பார்க்கவில்லை; இந்த மைக்கைப் பார்க்கிறாள். புரிகிறதம்மா, இதுவும் இரைச்சல்தான். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. இதை நானே அணைத்துவிடுகிறேன். வணக்கத்தை மட்டும் சத்தமில்லாமல், கைகூப்பிச் சொல்லிக்கொள்கிறேன்.